பாலத்தூணுக்கு மூன்று கண்

திருட்டுப் போன பொருள் தண்ணீர் என்று கேள்விப்பட்டதும் பிரிட்டோவுக்குப் பாதி ஆர்வம் போய்விட்டது. அது நிஜத் தண்ணீர்கூட இல்லை, கம்ப்யூட்டருக்குள் கணக்காய் ஓடிய தண்ணீர் என்று தெரிந்ததும் மீதிப் பாதியும் போயிற்று.

"நிஜத் தண்ணி வரலன்னு எங்க தெருவுல நாலு நாளா கத்திக்கினு இருக்கோம் மேடம். ஒருத்தரும் துப்பறியல," என்றான், ஊரப்பாக்கத்தைத் தாண்டி ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே.

பின் சீட்டிலிருந்து பதில் வரவில்லை. காந்திமதி தேவையில்லாத கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. தேவையான கேள்விக்கும் பாதிதான் சொல்வார்.

முப்பத்து நான்கு வருடம் புறநகர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தூங்குகிறவனையும் தூங்குவது போல நடிக்கிறவனையும் மூச்சை வைத்தே பிரித்துவிடுவார். அப்படிப் பிரித்தெடுக்கப்பட்டவர்களில் பிரிட்டோவும் ஒருவன். தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே ஏழு முறை டிக்கெட் இல்லாமல் பிடிபட்டான். ஏழு முறையும் ஏழு புதுக் கதை சொன்னான். ஓய்வுக்குப் பிறகு தாம்பரம் மேற்கில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் காந்திமதி துப்பறியும் நிலையம் திறந்தபோது, "பொய் எப்படிப் பொறக்குதுன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்" என்று அவனைத் தேடிப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். நாற்பதை நெருங்கும் வயதில் தன் திறமையை ஒருவர் மதித்தது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, காட்டாங்குளத்தூர் பக்கம் இருந்த செங்கழுநீர் பொறியியல் கல்லூரி வாசலில் ஸ்கூட்டர் நின்றது. வாசலை விட அகலமாக ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. நடுவில் நீலமும் சிவப்புமாய்ச் சுழன்று ஓடும் வெள்ளத்தின் படம். வெள்ளத்துக்கு நடுவே, மேலிருந்து பார்த்தால் தெரிவது போல, நான்கு பாலத்தூண்கள். இடது மூலையில் கண்ணாடி போட்ட ஒருவர் இரு கையையும் கூப்பி நின்றார். 'நீரோட்ட வேந்தர் பேராசிரியர் தேவானந்தம்' என்று கீழே எழுதியிருந்தது. வலது மேல் மூலையிலும் அதே தேவானந்தம் அதே கும்பிடோடு நின்றார்.

"கோயில் திருவிழா ஃப்ளெக்ஸ்ல அம்மனையே ஒரு தடவைதான் போடுவாங்க," என்றான் பிரிட்டோ.

காந்திமதி இரண்டு தேவானந்தங்களையும் ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே நடந்தார்.

மூன்றாவது தேவானந்தம் தன் அறையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. மேடையில் பேசுகிற குரலிலேயே அறையிலும் பேசினார்.

"மாடம்பாக்கம் ஏரியிலிருந்து உபரி நீர் போகிற கால்வாய் இருக்கிறதல்லவா? போன மழையில் அங்கிருந்த நடைபாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போகிறார்கள். புதுப் பாலம் வருகிறது. அதன் தூண்களைச் சுற்றி வெள்ளம் எப்படிக் கொந்தளிக்கும்? அதைத்தான் நாற்பத்தெட்டு நாள் கம்ப்யூட்டரில் ஓட விட்டு நான் கண்டுபிடித்தேன். அந்தக் காணொளி செவ்வாய்க்கிழமையிலிருந்து காணவில்லை. லேப் கம்ப்யூட்டரில் இல்லை. சேமிப்பு டிஸ்கில் இல்லை. என் லேப்டாப்பில்கூட இல்லை."

"வேற ஏதாவது போச்சா சார்?" என்று கேட்டார் காந்திமதி.

"எதுவும் இல்லை. பாலக் கமிட்டி இன்று மூன்று மணிக்கு வருகிறது. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை."

"லேப் சாவி யார் யாருகிட்ட இருக்கு?"

"என்னிடமும் என் ஆராய்ச்சி மாணவி ஹில்டாவிடமும் மட்டும். நான் யாரையும் சந்தேகப்படவில்லை மேடம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனால் ஹில்டாதான். மூன்று மணிக்குக் கமிட்டி முன்னாலேயே அதைச் சொல்லப் போகிறேன். அவளுடைய ஆராய்ச்சிப் பதிவும் ரத்தாகிவிடும்."

"கமிட்டிக்கு இதுவரைக்கும் எதுவுமே அனுப்பலையா?"

"தூணின் வரைபடத்தை மட்டும் போன மாதமே அனுப்பிவிட்டேன். என் சொந்த வடிவம். சாதாரணத் தூண் உருண்டையாக இருக்கும். என் தூணுக்கு மூன்று பக்கம், உள்ளே மூன்று துளை. அதைச் சுற்றி வெள்ளம் எவ்வளவு அழகாக வழிவிட்டது தெரியுமா? மாடம்பாக்கத்தில் மாதிரித் தூண் ஒன்றை வார்த்தே விட்டார்கள்."

"அந்த வடிவம் எப்படி சார் தோணிச்சு?" என்று கேட்டான் பிரிட்டோ.

"ஞானம் எங்கிருந்து வருகிறது என்று யாரால் சொல்ல முடியும்?"

வெளியே வந்ததும் பிரிட்டோ சொன்னான்: "ஏழாவது தடவை நான் புடிபட்டப்ப, டிக்கெட் எங்கேன்னு நீங்க கேட்டதுக்கு நானும் இதே மாதிரிதான் மேடம் மேல பாத்தேன்."

லேபில் ஹில்டா மட்டும் இருந்தாள். முப்பத்தொரு வயது. அழுதிருப்பாள் என்று எதிர்பார்த்துப் போன பிரிட்டோ ஏமாந்தான். இரண்டு நாளாய்த் தூங்காத முகம். ஆனால் அதில் ஒரு பிடிவாதம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

"என்ன கணக்கு இது, எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா," என்றார் காந்திமதி.

"தண்ணியைக் கோடிக்கணக்கான குட்டிக் கட்டமா பிரிச்சுக்குவோம் மேடம். ஒவ்வொரு கட்டத்துலயும் தண்ணி எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாப் போகுதுன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடும். ஒரு துளி நேரம் தள்ளி, மறுபடி எல்லாக் கட்டத்துக்கும் போடும். தூண்ல மோதினா தண்ணி சுழிக்கும். அந்தச் சுழி உடைஞ்சு சின்னச் சுழியாகும், அதுவும் உடையும். அந்தச் சின்னதுங்களையெல்லாம் விட்டுட்டா வெள்ளத்தோட குணமே மாறிடும். டர்புலன்ஸ்ல, அதான் இந்தக் கொந்தளிப்புல, அதுதான் கஷ்டம்."

"தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்துல சாயங்காலம் ஆறு மணிக் கூட்டம் மாதிரி," என்றான் பிரிட்டோ.

"அதேதான். யாரு எங்க போய்ச் சேருவாங்கன்னு சொல்லவே முடியாது."

"நான் எப்பவும் தப்பான பிளாட்பாரத்துலதான் போய்ச் சேருவேன்."

ஹில்டாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் திரும்பிப் போனது. "அந்தத் துளி நேரம் ரொம்பச் சின்னதா இருக்கணும் மேடம். கமிட்டி தேதிக்குள்ள முடிக்கணும்னு சார் அதைப் பெரிசா வைக்கச் சொன்னார். வெச்சேன். ரெண்டாவது நாளே கணக்கு வெடிச்சிடுச்சு. மாடம்பாக்கம் கால்வாய்த் தண்ணி ராக்கெட்டை விட வேகமா ஓடுதுன்னு வந்தது."

"படிக்கட்டுல நாலு நாலு படியாத் தாவினா விழத்தான் வேணும்," என்றார் காந்திமதி.

"ஒன்பது தடவை விழுந்தது."

"பத்தாவது தடவை மட்டும் அவ்வளவு அழகா ஓடிச்சா?"

ஹில்டா மேஜை மேலிருந்த பேனாவை மூடித் திறந்தாள்.

"வீடியோவை அழிச்சது நீயா?"

"நான் இல்லை. அதுக்கு மேல என்னால எதுவும் பேச முடியாது மேடம். ஆறு வருஷமா இந்த ஆராய்ச்சி பண்றேன். கடைசிக் காகிதத்துல சாரோட கையெழுத்து விழுந்தாத்தான் அது ஆராய்ச்சி. விழலேன்னா அது எனக்கு ஆன வயசு, அவ்வளவுதான்." அவள் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "வாசல்ல ஃப்ளெக்ஸைப் பார்த்தீங்களா?"

"பார்த்தோம்."

"காலையில சாப்பிட்டுட்டுப் பார்த்திருப்பீங்க. ஒரு தடவை பசியோட பாருங்க."

பசி விஷயத்தில் பிரிட்டோ யாருக்கும் சளைத்தவன் இல்லை. ஆறு இட்லி சாப்பிட்ட இரண்டாம் மணி நேரத்திலேயே அவனால் உண்மையான பசியோடு நிற்க முடியும். வாசலுக்கு வந்து ஃப்ளெக்ஸின் முன்னால் அப்படித்தான் நின்றான். ஒன்றும் தோன்றவில்லை. காந்திமதி வெள்ளத்தைப் பார்க்கவே இல்லை. வலது மூலையில் இருந்த இரண்டாவது தேவானந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ இருக்கறது அச்சுல வந்த போட்டோ. மேல இருக்கறது தனியா ஒட்டினது. ஒரே ஆளு, ஒரே கும்பிடு, ரெண்டு போட்டோ. ஒண்ணு ஆசைக்கு. இன்னொண்ணு எதுக்கு பிரிட்டோ?"

"பேராசைக்கு."

வாசல் காவலர் ஸ்ரீநிவாசன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "அதுவா மேடம்? திங்கக்கெழம சாயங்காலம் சாரே ஏணி போட்டு ஏறி ஒட்டினாரு. நான்தான் ஏணியப் புடிச்சுக்கினேன். ஆள் வெச்சு ஒட்டலாமேன்னு கேட்டேன். வேணான்ட்டாரு."

அந்த ஏணி இன்னும் அங்கேயே சாய்ந்திருந்தது. பிரிட்டோ ஏறினான். படத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினான். தேவானந்தத்தின் காது மடங்கி வந்தது, பிறகு தோள். அடியில் நீல வெள்ளத்தின் நடுவே கறுப்பாய் ஒன்று மிதந்தது. இரு முனையும் கூர்த்து, நடுவே ஒரு நரம்போடு.

"இலை மேடம். வெள்ளத்துல இலை அடிச்சுக்கினு போகாதா இன்னா? இதைப் போய் எதுக்கு மறைக்கணும்?"

"நிஜ வெள்ளத்துல போகும்," என்றார் காந்திமதி. "இது கணக்குப் போட்டு வந்த வெள்ளம். அதுல இலையை யாரு கணக்குப் போட்டா?"

பிரிட்டோ ஏணியிலிருந்து இறங்க மறந்து நின்றான்.

"இறங்கு. அந்தத் தூணை நேர்ல பார்ப்போம்."

மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துச் சிவன் கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கால்வாய். அதன் கரையில் மாதிரித் தூண் ஆளுயரத்துக்கு நின்றது. அதன் நெற்றியில் மூன்று கோடாய் விபூதி பூசி, நடுவில் குங்குமம் வைத்து, அடியில் யாரோ இரண்டு செம்பருத்தி போட்டிருந்தார்கள்.

பக்கத்தில் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர் மேஸ்திரி பத்ரி. அவருக்கு வருத்தம்.

"ட்ராயிங்ல இன்னா கீதோ அதான் சார் வார்த்தேன். மூணு ஓட்டைன்னான், மூணு ஓட்டை போட்டேன். மேல ஏறிப் பாத்த பசங்க எவனோ மூணு கண்ணுன்னு சொல்லிட்டான். ரெண்டே நாள்ல சாமியாக்கிட்டாங்க. செருப்போட பக்கத்துல வராதன்னு என்னையே தொரத்தறாங்க."

"உள்ளே ஓட்டை போட்டா பலம் போயிடாதா மேஸ்திரி?" என்று கேட்டார் காந்திமதி.

"நானும் அதைத்தாம்மா கேட்டேன். பெரிய கம்ப்யூட்டர்ல வெள்ளத்த வுட்டுப் பாத்தாச்சு, நீ யாரு சொல்றதுக்குன்னுட்டாங்க. கமிட்டி இன்னிக்கு சரின்னா நாளைக்குக் காலையில மீதி மூணையும் வார்க்கணும். பசங்க நடக்கற பாலம்." அவர் கையில் ஒட்டியிருந்த சிமென்ட்டைத் தட்டிவிட்டார். "இருபத்தாறு வருசமா வேல செய்யறேன். என் கையால வார்த்ததுல எனக்கே பயம் வந்தது இதுல தான்."

கால்வாயில் அப்போது முழங்காலளவுத் தண்ணீர்தான். எதிர்க்கரையில் பழைய பாலத்தின் உடைந்த முனை நீட்டிக்கொண்டிருந்தது. பிரிட்டோ செருப்பைக் கழற்றிவிட்டு, தூணுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மேஸ்திரியின் ஸ்டூலில் ஏறி மேலிருந்து பார்த்தான். முக்கோணமும் இல்லாமல் உருண்டையும் இல்லாமல், மூன்று பக்கம் லேசாய்ப் புடைத்த ஒரு வடிவம். நடுவே மூன்று குழி. வெகு நேரம் பார்த்தான். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

"என்ன பிரிட்டோ?"

"சொன்னா திட்டுவீங்க மேடம். ஏன்னே தெரியல, இதைப் பாத்தா வாயில எச்சில் ஊறுது."

"கடிச்சு இழுத்துச் சப்பிட்டு, சக்கையைத் துப்பணும்னு தோணுதா?"

"ஆமா."

"வண்டியை எடு. பாதிக் கேஸ் முடிஞ்சது."

ஸ்டூலில் நின்றபடியே பிரிட்டோ இன்னொரு தடவை குனிந்து பார்த்தான். இந்தத் தடவை அது தெளிவாகத் தெரிந்தது. நாலு விரல் நீளத்துக்கு நறுக்கி, குத்திட்டு நிறுத்திய முருங்கைக்காய். தலையைத் திருப்பிக் காந்திமதியைப் பார்த்தான். அவர் அதற்குள் போனில் காவலர் ஸ்ரீநிவாசனிடம் பேசிக்கொண்டிருந்தார். கல்லூரி கேன்டீனில் யார் சாம்பார் மாஸ்டர் என்பதுதான் கேள்வி.

அந்தோணிசாமி என்று பதில் வந்தது. இரண்டு மாதம் முன்பு வேலையை விட்டுவிட்டு, தாம்பரம் மேற்குப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சொந்தமாய்ச் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறாராம்.

கடையில் கூட்டம் நெரிந்தது. அந்தோணிசாமி, தோளில் துண்டோடு, இடுப்பளவு உயர அண்டா ஒன்றின் முன் நின்று கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். காந்திமதி நேராகப் போய் அண்டாவை எட்டிப் பார்த்தார். பருப்பு மெதுவாய்ச் சுழன்றது. சுழல் முருங்கைக்காயில் மோதிப் பிரிந்தது, பின்னால் போய் இரண்டு சின்னச் சுழலாய் உடைந்தது. கறிவேப்பிலை ஒன்று அதில் மாட்டிக்கொண்டு வட்டம் போட்டது.

"ஃப்ளெக்ஸ் இதோ ஓடுது பாரு," என்றார்.

"முருங்கைக்கா எப்படிண்ணா படுக்காம நிக்குது?" என்று கேட்டான் பிரிட்டோ.

அந்தோணிசாமிக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. "அதாம்பா நம்ம சாம்பாரு. மத்தவன் சாம்பார்ல காயி முங்கும், இல்லன்னா மெதக்கும். நம்மளதுல நட்டுக்கினு நிக்கும். பருப்பு அவ்ளோ கெட்டி."

"காலேஜ்ல இருந்தப்ப ஹில்டான்னு ஒரு பொண்ணு இதை வீடியோ எடுத்துதா?"

"ஆமா, எட்துச்சு. நல்ல பொண்ணு. ஸ்டூல் மேல ஏறி நின்னுக்கினு நேரா மேலேர்ந்து போன்ல புட்ச்சுது. இன்னாம்மான்னு கேட்டேன். சுத்தற எதையாவது எட்த்து கம்ப்யூட்டர்ல போட்டு, வேகமாச் சுத்தற எடம் செவப்பு, மெதுவாச் சுத்தற எடம் நீலம்னு கலரு சரியா வுழுதான்னு பாக்கணும்ணா, சும்மா டெஸ்டுக்குன்னுச்சு. வீட்டுக்குப் போறப்ப ஒரு டம்ளர் சாம்பாரும் வாங்கிக் குட்ச்சுது."

பிரிட்டோ காந்திமதியை ஓரமாக அழைத்தான். "புரிஞ்சுபோச்சு மேடம். நிஜக் கணக்கு ஒன்பது தடவை வெடிச்சுது. இந்தம்மா சாம்பாரைக் கலர் அடிச்சு வெள்ளம்னு குடுத்துட்டாங்க. கமிட்டி வர்றப்ப மாட்டிக்குவோம்னு அவங்களே அழிச்சுட்டாங்க. பாவம்தான், ஆனா கேஸ் முடிஞ்சுது. இங்கேயே சாப்ட்டுக்கலாம்."

"இதைக் கேட்டுக்கினு வர்றதுல நீங்க ரெண்டாவது ஆளு," என்றார் அந்தோணிசாமி, கரண்டியை நிறுத்தாமலே.

காந்திமதி திரும்பினார். "முதல் ஆளு யாரு?"

"திங்கக்கெழம மதியம் ஒர்த்தர் வந்தாரு. பேரு சொல்லல. அந்தப் பொண்ணு எட்த்தது நெஜமாவே சாம்பாரானு மூணு தபா கேட்டாரு. அன்னிக்கு இன்னா காயி போட்டேன், கறிவேப்பில போட்டேனான்னு நோட்டுல எழ்திக்கினாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு."

"இப்ப எங்ககிட்ட சொல்றீங்களே."

"நெஜமா சாம்பாரானு சாம்பார் மாஸ்டரக் கேட்டா மனசு நோவாதா இன்னா?"

"பார்க்க எப்படி இருந்தார்?"

அந்தோணிசாமி யோசித்தார். "கண்ணாடி. பெரிய மனுசன். போறப்ப ஒரு கும்புடு போட்டாரு பாருங்க, ரெண்டு கையையும் சேத்து, மொகத்த லேசா சாய்ச்சு... போட்டோவுக்கு நிக்கிற மாரி."

பிரிட்டோவின் கை தட்டை நோக்கி நீண்டபடியே நின்றது. அந்தக் கும்பிடை அவன் இன்று காலையில் இரண்டு தடவை பார்த்திருந்தான்.

"சாருக்குச் செவ்வாய்க்கிழமை வீடியோ காணாமப் போச்சு," என்றார் காந்திமதி. "திங்கக்கிழமையே அது சாம்பார்னு தெரிஞ்சுபோச்சு. கறிவேப்பிலையை ஒட்டி மறைச்சாச்சு. அப்புறம் எது மிச்சம்? மாஸ்டர், ஒரு தூக்குல சாம்பார் கட்டுங்க. முருங்கைக்காய் நாலு போடுங்க."

இரண்டரை மணிக்கு அந்தத் தூக்கு தேவானந்தத்தின் மேஜை மேல் இருந்தது. காந்திமதி மூடியைத் திறந்தார். பெருங்காய மணம் அறையை நிறைத்தது.

"திருட்டுப் போன பொருள் சார். சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

தேவானந்தம் பார்த்தார். தூக்குக்குள் நான்கு தூண்களும் நின்றன. அவருடைய மேடைக் குரல் எங்கோ போய்விட்டது.

"அந்தப் பொண்ணு எனக்குக் குடுக்கலை," என்றார் கடைசியில். "அவ கம்ப்யூட்டர்ல இருந்தது. நான்தான் எடுத்தேன். பேரை மாத்தி என் பேரைப் போட்டேன். புது வடிவத் தூணை வெச்சு அவ தனியா ஓட்டிப் பார்த்திருக்கான்னு நினைச்சேன். முப்பது வருஷமா தண்ணியோட சமன்பாட்டை போர்டுல எழுதிக்கிட்டே இருக்கேன் மேடம். ஒரு தடவையாவது அது கண்ணு முன்னால அப்படி ஓடாதான்னு இருந்தது. ஓடிச்சு. அது சாம்பார்னு எனக்குத் தோணவே இல்லை."

"எப்ப தெரிஞ்சுது?"

"திங்கக்கிழமை காலையில ஃப்ளெக்ஸைப் பார்த்துட்டு அவளே வந்து சொன்னா. தூண் வரைபடம் போயிடுச்சு, ஃப்ளெக்ஸ் கட்டியாச்சு. இனிமே சாம்பார்னு எப்படிச் சொல்ல? நீ வாயைத் திறந்தா கையெழுத்துக் கிடையாதுன்னு சொல்லிட்டு, நானே எல்லாத்தையும் அழிச்சேன். திருட்டுன்னு சொன்னா எல்லாரும் பாவப்படுவாங்க. யாரும் பார்க்கக் கேக்க மாட்டாங்க."

பிரிட்டோவுக்கு ஒரு விஷயம்தான் பிடிபடவில்லை. "நீங்களே திருடிட்டு எதுக்கு சார் எங்களக் கூப்ட்டீங்க?"

தேவானந்தம் தரையைப் பார்த்தார். "போலீஸ்னா கண்டுபிடிச்சிடுவாங்க. ஆனா தேடினதா ஒரு கணக்கு வேணும் இல்லையா? நிச்சயமாக் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் உங்க நிலையத்தைத்தான் சொன்னாங்க."

அந்த நாலு பேர் யார் என்று பிரிட்டோ மனதுக்குள் பட்டியல் போட ஆரம்பித்தான். மூன்று பெயர் உடனே கிடைத்தது.

காந்திமதியின் முகம் மாறவில்லை. "மாடம்பாக்கத்துல ஒரு மேஸ்திரி, தான் கட்டின தூணைப் பார்த்துத் தானே பயந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார் சார். அது மேல பிள்ளைங்க நடக்கும். அங்க லேப்ல அந்தப் பொண்ணு செய்யாத தப்புக்காக உட்கார்ந்திருக்கு. மூணு மணிக்கு மைக் முன்னால யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லணும். நீங்க சொன்னா நாலு வார்த்தையில முடியும். நான் சொன்னா நீளும். நான் ஃப்ளெக்ஸ்லேர்ந்து ஆரம்பிப்பேன்."

மூன்று மணிக்கு அரங்கில் பாலக் கமிட்டியார் ஐந்து பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவி ஜீவரத்தினம், கால்வாய்களோடும் மதகுகளோடும் முப்பது வருடம் மல்லுக்கட்டிய பொறியாளர். தேவானந்தம் மைக்கின் முன் வந்தார். அவையோரை விளித்தார். பிறகு தனித்தனியாகவும் விளித்தார். விளிப்பதற்கு ஆள் தீர்ந்துபோனதும், ஒரே மூச்சில், தான் வெள்ளம் என்று சொன்னது சாம்பார், தூண் என்று வரைந்தது முருங்கைக்காய், காணொளியை அழித்ததும் தானே, ஹில்டா மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லி முடித்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு மாணவன் ஆரம்பித்தான். ஜீவரத்தினம் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"அப்போ நிஜமான கணக்கு எங்கே?" என்றார் அவர்.

தேவானந்தம் மைக்கை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். ஹில்டா எழுந்தாள். அவள் கையில் ஒரு பென்டிரைவ் இருந்தது.

"முழுசா இல்லை மேடம். இங்கிலீஷ் லேப்ல பழைய கம்ப்யூட்டர் பதினெட்டு சும்மா கிடந்தது. அதையெல்லாம் சேர்த்துக் கட்டி, சாதாரண உருண்டைத் தூணை வெச்சு, நேரத்தைச் சின்னச் சின்னத் துளியா வெச்சு ஓட விட்டேன். இருபத்துமூணு நாளா ஓடுது. இதுவரைக்கும் பதினோரு விநாடி வெள்ளம்தான் வந்திருக்கு."

திரையில் பதினோரு விநாடி ஓடியது. ஃப்ளெக்ஸில் இருந்தது போல அழகாக இல்லை. தண்ணீர் கலைந்து, முட்டி, பிய்ந்து ஓடியது. ஆனால் ஏழாவது விநாடியில், இரண்டாவது தூணின் பின்னால் ஒரு சுழி கீழ்நோக்கி இறங்கித் தரையைத் துழாவியது. ஒன்பதாவது விநாடியில் அதே இடத்தில் இன்னொன்று.

"மறுபடி போடுங்க," என்றார் ஜீவரத்தினம்.

ஆறு தடவை போடச் சொன்னார். ஆறாவது தடவை எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார்.

"பழைய பாலம் இந்த இடத்துலதான் குழி விழுந்து சாஞ்சது. உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

"இல்லை மேடம்," என்றாள் ஹில்டா. "எனக்குத் தெரியாது."

"மீதியை முடிக்க எத்தனை நாள் ஆகும்?"

"நாற்பது நாள். அவசரப்படுத்தாம விட்டா."

"மேஸ்திரிக்குச் சொல்லிடுங்க, நாளைக்கு எதுவும் வார்க்க வேணாம்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, ஜீவரத்தினம் தேவானந்தத்தைப் பார்த்தார். "சார், அந்தப் பதினெட்டு கம்ப்யூட்டரும் கரண்ட் போனா நின்னுடும். நாற்பது நாளும் பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து பார்த்துக்கணும். உங்களுக்கு நேரம் இருக்கும்னு நினைக்கிறேன். கையெழுத்துப் போடற பொறுப்பை வேற பேராசிரியருக்கு மாத்தச் சொல்லிக் கல்லூரிக்கு நான் எழுதறேன்."

தேவானந்தம் தலையை ஆட்டினார். அவர் முகத்தில், பிரிட்டோ கவனித்தான், வருத்தத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது விநாடியில் நின்றிருந்த அந்த அசிங்கமான சுழியை.

வெளியே, ஸ்கூட்டர் சீட்டின் மேல் காகிதத்தை வைத்துப் பிரிட்டோ வழக்கு அறிக்கையை எழுதினான். புகார் கொடுத்தவர்: பேராசிரியர் தேவானந்தம். திருடியவர்: மேற்படியார். திருட்டுப் போன பொருள்: சாம்பார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"மேடம், மீட்கப்பட்ட பொருள்னு இருக்கே. இன்னா எழுதறது?"

காந்திமதி ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"தண்ணின்னு எழுது. பதினோரு விநாடி."